பூஜை அறையில் ஒரு ராணுவக் குவளை: யாருக்கு, யார், எப்போது கொடுத்தது?

கவின்_திருப்பத்தூர்:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

பாட்டி வீட்டுப் பூஜை அறையில் ஒரு குவளை இருக்கிறது. கைப்பிடி வைத்தது, கனமானது, அடிப்பக்கம் கண்ணாடி. சின்ன வயதில் அதைக் கண்ணில் கவிழ்த்துக்கொண்டு பெருமாள் படத்தைப் பார்த்து அடி வாங்கியிருக்கிறோம். பாட்டி தினமும் அதில்தான் துளசி போட்டுத் தண்ணீர் வைப்பார். பாட்டியின் அப்பா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, பெங்களூரில் ரெஜிமெண்டில் சுபேதாராக இருந்தார் என்றும், விக்டோரியா மகாராணி அவருடைய வீரத்தைப் பாராட்டிக் கொடுத்த வெள்ளிக் குவளை இது என்றும் எங்கள் வீட்டில் சொல்வார்கள். மாமாவின் அறுபதாம் கல்யாண மலரில் இதை அச்சடித்தும் விட்டார்கள்.

போன வாரம் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். மேலே ஒரு மகுடம். அதன் கீழே ஆங்கிலத்தில் நான்கு வரிகள், பாதி தேய்ந்துவிட்டன. முதல் வரியில் 'எல்டி', பிறகு ஜே, நடுவில் ஓர் எழுத்து புரியவில்லை, பிறகு எச், கடைசியில் 'ஆர்.எஃப்.' அல்லது 'ஆர்.இ.'. இரண்டாம் வரி 'ஃப்ரம் ஹிஸ் பிரதர் ஆபீசர்ஸ்'. மூன்றாம் வரி 'கியூ.வி.ஓ. மெட்ராஸ் எஸ். அண்ட் எம்.'. நான்காவதில் 'பெங்களூர்' மட்டும் தெரிகிறது, அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

கொள்ளுத்தாத்தாவின் பெயரில் ஜேயும் இல்லை, எச்சும் இல்லை. பிரதர் ஆபீசர் என்றால் அவருடைய தம்பியும் ஆபீசராக இருந்தாரா? மாமாவைக் கேட்டால் 'இருந்திருப்பார், பெரிய குடும்பம்' என்கிறார். யாராவது உதவ முடியுமா?

நாணயப்பெட்டி:

படம் போடுங்கள் கவின். பக்கவாட்டில் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. அடியில் ஏதாவது முத்திரை இருக்கிறதா? சிங்கம், நங்கூரம், சிறுத்தைத் தலை, இப்படி ஏதாவது? இங்கிலாந்து வெள்ளி என்றால் நடக்கும் சிங்கம் இருக்க வேண்டும், அது 92.5 சதவீத வெள்ளிக்கு அடையாளம். கூடவே ஊர் முத்திரையும் இருக்கும். லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு அந்தக் காலத்தில் மகுடம். வருடத்துக்கு ஒரு எழுத்தும் போடுவார்கள்.

நம் ஊரில் செய்த வெள்ளியில் அந்த மாதிரிக் கட்டாயம் கிடையாது, கடையின் பெயரைத்தான் அடித்திருப்பார்கள். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் இருந்த பி.ஆர் (P. Orr) அண்ட் சன்ஸ் என்ற கடிகார, வெள்ளிக் கடையின் முத்திரை இருந்தால் சொல்லுங்கள், அது தனிக்கதை.

பழசு_பாலா:

வெள்ளி, விக்டோரியா, ரெஜிமெண்ட் மூன்றும் சேர்ந்தால் லட்சத்துக்குக் குறையாது. விற்கிற எண்ணம் இருந்தால் தனிச்செய்தி அனுப்பவும்.

முன்னாள்_ஹவில்தார்:

தம்பி, 'எஸ். அண்ட் எம்.' என்றால் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். அது எங்கள் வீடு. இன்றைக்கு மெட்ராஸ் என்ஜினியர் குரூப் என்று சொல்லும் படையின் பழைய பெயர். நான் 17 வருடம் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில், எங்கள் படை முகாமான மீயனி லைன்ஸில் கிடந்தவன். 1780 செப்டம்பர் 30ஆம் தேதி இரண்டு பயனியர் கம்பெனிகளாகத் தொடங்கியது. பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கோட்டைச் சுவருக்கு வெடி வைப்பதுதான் எங்கள் தொழில். பெங்களூர் டார்பிடோ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், முள்கம்பி வேலிக்குள் குழாயைச் செருகி வெடிக்க வைப்பது. 1912இல் எங்கள் படையில் இருந்த கேப்டன் மெக்ளின்டாக் செய்தது. எங்களை எல்லோரும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள், அது ராணுவம் முழுக்கத் தெரிந்த பெயர். கொள்ளுத்தாத்தா எங்கள் ஆள் என்றால் ரொம்ப சந்தோஷம்.

ஆனால் சுபேதார் விஷயத்தில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. படம் வரட்டும், பிறகு கேட்கிறேன்.

ஆவணப்புழு:

படம் வருவதற்குள் விக்டோரியா விஷயத்தை முடித்துவிடலாம்.

'கியூ.வி.ஓ.' என்றால் குயீன் விக்டோரியாஸ் ஓன். அது மகாராணி கொடுத்த பொருள் என்று அர்த்தமில்லை, படைக்குக் கொடுத்த பட்டம். இந்தப் படையின் பெயர் மாறிய வரிசைதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய துப்பு. 1876இல் 'குயீன்ஸ் ஓன்' பட்டம் வந்தது. அப்போது ராணி உயிரோடு இருந்ததால் பெயரைச் சொல்லத் தேவையில்லை, ராணி என்றால் அவர்தான். 1903இல் இந்தியாவின் தலைமைத் தளபதி கிச்சனர் எல்லாப் படைகளுக்கும் எண் மாற்றியபோது '2ஆம் குயீன்ஸ் ஓன் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' ஆனது, 'மெட்ராஸ்' என்ற சொல் போய்விட்டது. 1911இல் '2ஆம் குயீன் விக்டோரியாஸ் ஓன்'. எந்த ராணி என்று பெயர் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது, ஏனென்றால் விக்டோரியா 1901 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். 1923இல்தான் எண்ணை எடுத்துவிட்டு 'மெட்ராஸ்' என்பதைத் திரும்பச் சேர்த்தார்கள்.

ஆக 'கியூ.வி.ஓ.'வும் 'மெட்ராஸும்' ஒன்றாக வந்து, முன்னால் 2 என்ற எண் இல்லாமல் இருந்தால், அந்தப் பொறிப்பு 1923க்கு முந்தியதாக இருக்க முடியாது. விக்டோரியா பெயர் போட்டிருப்பதே அது விக்டோரியா காலத்துப் பொருள் இல்லை என்பதற்குச் சாட்சி. கொஞ்சம் வேடிக்கைதான்.

லெட்சுமி_தஞ்சை:

மகாராணி இந்தியாவுக்கு வந்ததே இல்லையே கவின். கொடுப்பதென்றால் பார்சலில்தான் அனுப்பியிருக்க வேண்டும் 🙂

கொள்ளுத்தாத்தா எப்போது பிறந்தார்?

கவின்_திருப்பத்தூர்:

பாட்டிக்கு 87. அவருடைய அப்பா 1961இல் இறந்தபோது அறுபதை ஒட்டிய வயது என்கிறார். ஆக 1900 வாக்கில் பிறந்திருப்பார். விக்டோரியா போகும்போது அவர் தொட்டிலில் இருந்திருக்கிறார். ஏன் இத்தனை வருடம் வீட்டில் ஒருத்தரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்று தெரியவில்லை. மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மூன்று படங்கள் போட்டிருக்கிறேன். அடியில் சிங்கம், நங்கூரம் எதுவும் இல்லை. கண்ணாடியைச் சுற்றி வளையமாக 'இங்கிலிஷ் பியூட்டர்', 'ஷெஃபீல்டு', 'மேட் இன் இங்கிலாண்டு' என்று மட்டும் இருக்கிறது.

நாணயப்பெட்டி:

அப்படியானால் வெள்ளி இல்லை. பியூட்டர் என்பது வெள்ளீயம் அதிகமும் ஆன்டிமனி, செம்பு கொஞ்சமும் சேர்ந்த கலவை. தேய்த்தால் வெள்ளி மாதிரி மின்னும், விட்டுவிட்டால் சாம்பல் நிறமாக மங்கும்.

'மேட் இன் இங்கிலாண்டு' என்பதும் உதவும். அமெரிக்கா 1890இல் ஒரு சுங்கச் சட்டம் போட்டு, இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்றது. அதற்கப்புறம்தான் 'இங்கிலாண்டு' என்று அடிக்க ஆரம்பித்தார்கள். 'மேட் இன்' என்று முழுசாக எழுதுவது பொதுவாக 20ஆம் நூற்றாண்டு. 1923க்குப் பிறகு என்று ஆவணப்புழு சொன்னதோடு ஒத்துப்போகிறது.

லெட்சுமி_தஞ்சை:

வெள்ளீயமா? அப்படியென்றால் நம் ரச ஈயச்சொம்புக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லுங்கள்! எங்கள் மாமியார் ஒருமுறை தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்து, சொம்பு அடுப்போடு அடுப்பாக உருகி ஓடிவிட்டது. கவின், பாட்டியிடம் சொல்லுங்கள், இதையும் அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

உரைகல்:

நான் ஆசாரி வேலை செய்பவன். ஈயச்சொம்பு உறவு சரிதான். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், கலவை சேர்ந்தால் இன்னும் முன்னாடியே இளகலாம். வெள்ளிக்கு 960க்கு மேல் வேண்டும்.

படத்தைப் பார்த்தால் வாரா வாரம் புளி, சாம்பல் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. எழுத்து போனது காலத்தால் அல்ல, பாட்டியின் கையால். இனிமேல் தேய்க்க வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய துணி போதும்.

பொறிப்பு கையால் வெட்டியது. கோடு ஆரம்பிக்கும் இடத்தில் மெலிந்து, நடுவில் தடித்து, மறுபடி மெலிகிறது. இயந்திரம் வெட்டினால் ஒரே பருமனாக ஓடும். எழுத்தின் விளிம்பும் சுற்றியுள்ள பரப்பும் ஒன்றாகத் தேய்ந்திருக்கின்றன, பள்ளத்துக்குள் பழைய கறுப்பு இருக்கிறது. இப்போது சந்தையில் பித்தளைத் திசைகாட்டி, சின்ன தொலைநோக்கி எல்லாம் புதிதாகச் செய்து 'லண்டன்' என்று பொறித்து, புளித்தண்ணீரில் போட்டுப் பழசாக்கி விற்கிறார்கள். அதில் பரப்பு கீறலாக இருக்கும், எழுத்து மட்டும் கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும். இது அப்படி இல்லை.

முன்னாள்_ஹவில்தார்:

படம் பார்த்தேன். இப்போது என் கேள்வி.

அது ஆர்.எஃப். இல்லை தம்பி, ஆர்.இ. ராயல் என்ஜினியர்ஸ். அந்தக் காலத்தில் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸுக்கு வந்த வெள்ளைக்கார ஆபீசர்கள் ராயல் என்ஜினியர்ஸிலிருந்து வருவார்கள், பெயருக்குப் பின்னால் ஆர்.இ. போட்டுக்கொள்வார்கள். 'எல்டி' என்பது லெஃப்டினன்ட்.

நம் ஆட்களில் ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் ஆகியோர் வைஸ்ராய் கமிஷன் பெற்றவர்கள். அவர்கள் ஆபீசர்ஸ் மெஸ்ஸில் உறுப்பினர் கிடையாது. 'பிரதர் ஆபீசர்ஸ்' என்பது அண்ணன் தம்பி இல்லை, ஒரே மெஸ்ஸில் சாப்பிடும் சக ஆபீசர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது. ஒருவர் மாற்றலாகிப் போகும்போதோ கல்யாணம் ஆகும்போதோ எல்லோரும் பணம் போட்டு இப்படிக் குவளை வாங்கிப் பெயர் வெட்டிக் கொடுப்பார்கள்.

ஆக இந்தக் குவளை முதலில் ஒரு வெள்ளைக்கார லெஃப்டினன்டுக்குக் கொடுத்தது. உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குக் கொடுத்தது இல்லை. அவரிடம் எப்படி வந்தது என்பது வேறு கதை. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் படம் ஏதாவது இருக்கிறதா?

அல்சூர்வாசி:

குவளை நிரம்பத் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். 568 மில்லி பிடித்தால் சரியாக ஒரு இங்கிலீஷ் பைன்ட். அப்படியென்றால் அது என்னவென்று எனக்குத் தெரியும், ஆனால் பாட்டி பக்கத்தில் இல்லாதபோது சொல்கிறேன்.

பழசு_பாலா:

பியூட்டர் என்றாலும் ராணுவப் பொருள்தான். 5000 தருகிறேன்.

கவின்_திருப்பத்தூர்:

குழந்தை மருந்து அளக்கும் சிரிஞ்சை வைத்து அளந்தேன், கை வலித்துவிட்டது. விளிம்பு வரை 570க்குப் பக்கம் வருகிறது.

அல்சூர்வாசி சார், பாட்டி தூங்குகிறார். சொல்லுங்கள்.

அல்சூர்வாசி:

பீர் குவளை.

கவின்_திருப்பத்தூர்:

ஐயோ.

லெட்சுமி_தஞ்சை:

பெருமாளே! எழுபது வருடமாகத் துளசித் தீர்த்தம்!

நாணயப்பெட்டி:

அடிக் கண்ணாடிக்கு ஒரு கதை சொல்வார்கள். ஆள் பிடிக்க வருகிறவன் பீருக்குள் ஒரு ஷில்லிங்கைப் போட்டுவிடுவானாம். குடித்து முடித்தவன் கையில் காசு வந்துவிட்டால் ராஜாவின் ஷில்லிங்கை வாங்கிவிட்டான், இனி அவன் சிப்பாய். அதனால் தூக்கிப் பார்த்துவிட்டுக் குடிக்க வசதியாகக் கண்ணாடி வைத்தார்களாம். கேட்க நன்றாக இருக்கிறது, நான் நம்பவில்லை. எப்படியும் ஆபீசர் மெஸ்ஸில் இருக்கும் லெஃப்டினன்டை யாரும் பீரில் காசு போட்டுப் பிடிக்க வேண்டியதில்லை.

கவின்_திருப்பத்தூர்:

கொள்ளுத்தாத்தாவின் ஒரே படம் இது. மாமா வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், கைப்பேசியில் எடுத்தேன். கண்ணாடி வெளிச்சத்துக்கு மன்னிக்கவும். முழங்காலுக்குக் கீழே வரும் வெள்ளைக் கோட்டு, இடுப்பில் அகலமான பட்டை, தலைப்பாகை, தலைப்பாகையின் குறுக்கே ஒரு பட்டையும் அதில் உலோகச் சின்னமும். இதுதான் சுபேதார் உடை என்று மாமா சொல்வார்.

முன்னாள்_ஹவில்தார்:

(இதை எழுத இரண்டு நாள் யோசித்தேன்.)

தம்பி, சுபேதார் என்றால் தோளில் இரண்டு நட்சத்திரம் இருக்க வேண்டும், ஜமேதார் என்றால் ஒன்று. தோல் பெல்ட் இருக்கும். இந்தப் படத்தில் தோளில் ஒன்றுமே இல்லை. வெள்ளை நீளக் கோட்டு, இடுப்புப் பட்டை, தலைப்பாகையில் படையின் சின்னம், இது மெஸ்ஸில் பரிமாறுகிறவர்களின் உடை. என் காலத்திலும் விருந்து நாட்களில் ஏறக்குறைய இதே உடைதான். கொள்ளுத்தாத்தா ஆபீசர்ஸ் மெஸ்ஸில் வேலை பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன். பட்லராகவோ, பானங்களைக் கவனிக்கும் அப்தாராகவோ இருந்திருக்கலாம்.

அல்சூர்வாசி:

எனக்கும் அப்படித்தான் பட்டது, சொல்லத் தயங்கினேன். எங்கள் தெருவில் பாதிக் குடும்பங்கள் அப்படி வந்தவைதான். வேலூர், திருப்பத்தூர், ஆம்பூர் பக்கத்திலிருந்து கண்டோன்மெண்டுக்கு வந்து, பட்லர், சமையல், பாத்திரம் கழுவும் மசால்ச்சி, தோட்டம், குதிரை லாயம் என்று ஒட்டிக்கொண்ட குடும்பங்கள். வீட்டில் கேட்டால் எல்லோரும் 'தாத்தா ரெஜிமெண்டில் இருந்தார்' என்றுதான் சொல்வோம். பொய்யும் இல்லை. ரெஜிமெண்டில்தானே இருந்தார்கள்?

ஆவணப்புழு:

இதை உறுதி செய்வது கொஞ்சம் கடினம். சிப்பாய்களுக்குப் பதிவேடு உண்டு, பதக்க விளிம்பில்கூட எண்ணும் பெயரும் படையும் வெட்டியிருப்பார்கள். மெஸ்ஸில் ஆபீசர்கள் தங்கள் பணத்தில் வைத்துக்கொண்ட ஆட்களுக்கு அந்த மாதிரி எதுவும் மிஞ்சுவதில்லை. அவர்களுக்கு இருந்த ஒரே ஆவணம் 'சிட்டு'. ஒரு துரை போகும்போது அடுத்த துரையிடம் காட்டுவதற்காக எழுதிக் கொடுக்கும் நற்சான்றுக் கடிதம். பட்லர்கள் அதைக் கட்டாகக் கட்டிப் பத்திரமாக வைத்திருப்பார்கள், அவர்களுக்கு அதுதான் சொத்து. பாட்டியிடம் 'சிட்டு' என்ற சொல்லைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

ஆபீசர் பக்கம் நிலைமை நேர்மாறு. அவர் எங்கே, எந்த வருடம், என்ன பதவி என்று எல்லாம் அச்சில் இருக்கிறது. அந்தக் கால ராணுவப் பட்டியல்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் மின்னாக்கம் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறது. எனக்கு நடு எழுத்தும் வருடமும் வேண்டும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் குவளைக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் படம் எடுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, சாய்வாக அடித்தால் பள்ளத்தில் நிழல் விழும். இன்னொரு வழி, மெல்லிய தாளை ஒட்ட வைத்து, மென்மையான பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்ப்பது. ஒரு ரூபாய் நாணயத்தைத் தாளுக்கடியில் வைத்துச் சிறுவயதில் தேய்ப்போமே, அதேதான்.

மகுடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேல் வளைவுகள் நடுவில் பள்ளம் விழாமல் உருண்டையாக இருக்கின்றன. 1901 முதல் 1952 வரை புழங்கிய வடிவம் இது. ஆனால் அதை மட்டும் நம்பி நான் வருடம் சொல்ல மாட்டேன், பொறித்தவர் கை எப்படி வளைந்ததோ யார் கண்டார்கள். பெயர் வரிசை சொல்வதோடு முரண்படவில்லை, அவ்வளவுதான்.

கோப்பை_ரசிகன்:

மேலே எல்லாம் படிக்கவில்லை. இது ஹாக்கிப் போட்டிப் பரிசு. எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

நாணயப்பெட்டி:

மேலே எல்லாம் படியுங்கள்.

கவின்_திருப்பத்தூர்:

நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹவில்தார் ஐயா எழுதியதைப் பார்த்ததும் உண்மையில் கொஞ்சம் சுருக்கென்றது. சின்ன வயதிலிருந்து பள்ளியில் சுபேதார் பேரன் என்று அளந்திருக்கிறேன். பாட்டிக்கு எப்படிச் சொல்வது, அவர் மனது கஷ்டப்படுமே என்று நாலு நாள் தள்ளிப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காபி கொடுக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன். 'பாட்டி, உங்க அப்பா வந்து... மெஸ்ஸில...' என்று நான் இழுப்பதற்குள் பாட்டி சொன்னார்:

'பட்லர்தான். யாரு இல்லேன்னா? உங்க மாமாதான் புஸ்தகத்துல சுபேதார்னு போட்டான். நான் கேட்டதுக்கு, சும்மா இரும்மா, சம்பந்தி வீட்டுக்காரங்க படிப்பாங்கன்னான்.'

அப்புறம் அவரே ஒரு மணி நேரம் பேசினார். அப்பா மிளகுத்தண்ணி வைத்தால் துரைமார் இரண்டாவது தட்டு கேட்பார்களாம். (அதைத்தான் இங்கிலீஷ்காரர்கள் 'மல்லிகடானி' ஆக்கிக்கொண்டார்கள் என்று பாட்டிக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.) விருந்து நாளில் அறுபது பேருக்கு மேஜை போட்டு, எந்தத் துரைக்கு எந்தக் குவளை என்று பார்க்காமலே எடுத்து வைப்பாராம். ஒவ்வொரு துரைக்கும் தனித்தனிக் குவளை, சுவரில் கொக்கியில் வரிசையாகத் தொங்குமாம்.

இந்தக் குவளைக்காரத் துரை சண்டைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாராம். ஊருக்கே போகும்போது, பாட்டிக்கு அப்போது எட்டு வயது, இவர்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கே வந்து குவளையை அப்பா கையில் கொடுத்தாராம். 'நிறைய தடவை நீதான் இதைக் கழுவினாய், நீயே வைத்துக்கொள்' என்றாராம். அப்பா அதை ஒருநாளும் உபயோகிக்கவில்லை. அவர் போனபிறகு பாட்டிதான் பூஜையில் வைத்திருக்கிறார்.

'சிட்டு' என்று கேட்டேன். 'அது வீட்டுப் பத்திரத்தோட இருக்கு' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். ஐந்து காகிதங்கள் இருந்தன, மூன்றை ராமபாணப் பூச்சி சல்லடையாக்கிவிட்டது.

பென்சில் தேய்ப்பும் டார்ச் படமும் இணைத்திருக்கிறேன். நடு எழுத்து ஆர் என்று படிக்கிறேன். வருடம் 193 வரை தெரிகிறது, கடைசி எண் 1 அல்லது 4.

ஆவணப்புழு:

அருமை. இப்படி எல்லாம் ஒன்றாக அமைவது அபூர்வம்.

நடு எழுத்து தெரிவதற்கு முன் ஜே, எச் என்று என் பட்டியலில் மூன்று பேர் இருந்தார்கள். ஆர் வந்தபிறகு ஒருவர்தான் மிஞ்சுகிறார். 1931இல் அவர் இந்தியாவிலேயே இல்லை. 1932 முதல் பெங்களூரில் லெஃப்டினன்டாக இருக்கிறார், 1935 பட்டியலில் ரூர்க்கியில், அதாவது வங்காளச் சேப்பர்ஸ் தலைமையிடத்தில் இருக்கிறார். ஆகவே அந்த எண் 4. 1934இல் ரூர்க்கிக்கு மாற்றலாகும்போது பெங்களூர் மெஸ் கொடுத்த பிரிவுக் குவளை என்றுதான் கொள்ள வேண்டும்.

சிட்டுகளில் அவர் எழுதியது இருக்கிறதா? தேதி என்ன?

கவின்_திருப்பத்தூர்:

இருக்கிறது! பூச்சி தின்னாத இரண்டில் ஒன்று. பெங்களூர், ஜூன் 1946. கையெழுத்தில் ஜே.ஆர்.எச்., கீழே 'லெஃப்டினன்ட் கர்னல், ஆர்.இ.'. 'இவரை நான் 1932 முதல் அறிவேன்' என்று ஆரம்பிக்கிறது. நேர்மையானவர், குடிக்காதவர், வெள்ளிப் பாத்திரங்கள் இவர் பொறுப்பில் இருந்த காலத்தில் ஒரு கரண்டிகூடக் காணாமல் போனதில்லை என்று இருக்கிறது. சமையலைப் பற்றி இரண்டு வரி. கடைசி வரி: 'இவரை வேலைக்கு எடுப்பவர் அதிர்ஷ்டசாலி.'

குவளையில் லெஃப்டினன்ட், கடிதத்தில் லெஃப்டினன்ட் கர்னல். நடுவில் ஒரு உலகப் போர்.

முன்னாள்_ஹவில்தார்:

தம்பி, குடிக்காதவர் என்று ஒரு ஆபீசர் எழுதிக் கொடுப்பது, அதுவும் மெஸ் பொறுப்பில் இருப்பவருக்கு, சாதாரணம் இல்லை. எங்கள் காலத்தில் மெஸ் வெள்ளிக்குப் பொறுப்பானவரை சுபேதார்களே 'ஐயா' என்றுதான் கூப்பிடுவோம். மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

பெங்களூரில் எங்கள் படைக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. குவளையைக் கொடுக்க வேண்டாம், படமும் சிட்டின் நகலும் அனுப்பினால் வைத்துக்கொள்வார்கள். எழுதும்போது கொள்ளுத்தாத்தாவின் பெயரை முழுசாக எழுதுங்கள். துரை பெயர் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும்.

ஆவணப்புழு:

துரையின் பெயரை நான் இங்கே போடவில்லை, உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எங்காவது இருக்கலாம். ராயல் என்ஜினியர்ஸ் அருங்காட்சியகம் கென்ட்டில் கில்லிங்ஹாமில் இருக்கிறது. அவர்கள் மூலம் குடும்பத்தைத் தொடர்புகொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம், அது உங்கள் விருப்பம்.

அந்த ஐந்து சிட்டுகளையும் முதலில் ஸ்கேன் செய்யுங்கள். செல்லோ டேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்!

உரைகல்:

ஒரு விஷயம் விட்டுப்போனது. 1930களின் இங்கிலீஷ் பியூட்டரில் பெரும்பாலும் காரீயம் சேர்க்க மாட்டார்கள். ஆனால் பழைய பொருளில் இல்லவே இல்லை என்று பார்வையால் சொல்ல முடியாது. தீர்த்தம் குடிக்கிறார்கள் என்றால் வேறு பாத்திரத்துக்கு மாற்றுவது நல்லது. புளிப்பு எதுவும் ஊற்றவே கூடாது.

பழசு_பாலா:

சிட்டோடு சேர்த்து 15000.

கவின்_திருப்பத்தூர்:

பாலா சார், மன்னிக்கவும், விற்பதாக இல்லை. பாட்டியிடம் உங்கள் விலையைச் சொன்னேன், 'அந்தக் காசுக்கு இப்ப ஒரு குத்துவிளக்கு வருமா?' என்று கேட்டார்.

மாமாவிடம் சொல்லியாயிற்று. முதலில் இரண்டு நாள் பேசவில்லை. நேற்று போன் செய்து, அந்த சிட்டை லேமினேஷன் செய்யலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

தீர்த்தத்துக்குச் செம்புப் பாத்திரம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். கடைசியில் துணிந்து, அது என்ன குவளை என்பதையும் பாட்டியிடம் சொன்னேன். ஒரு நிமிடம் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். 'நல்லா தேய்ச்சுக் கழுவிட்டுத்தான்டா வச்சேன்' என்று சொல்லிவிட்டு, அதில் செம்பருத்திப் பூவைப் போட்டு, பெருமாள் படத்துக்குக் கீழே இருந்ததை அவர் அப்பா படத்துக்குக் கீழே மாற்றி வைத்தார்.

லெட்சுமி_தஞ்சை:

அந்தப் படம் மாமா வீட்டில் அல்லவா இருந்தது?

கவின்_திருப்பத்தூர்:

பாட்டி போய் எடுத்து வந்துவிட்டார்.